அப்போதைக்கு ஒரு விடை

கற்பிக்கும் தொழிலில் நேரும் இடர்கள் பல. அவற்றுள் கடியது ஒன்று உண்டு. கற்பவன் ஒரு வினாவை எழுப்புகிறான். அதில் குறும்பு இல்லை. ஆசிரியரை மடக்கிப் பார்க்கும் நோக்கமும் இல்லை. அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் ஒன்றே உண்டு. ஆசிரியருக்கோ, தாம் கற்பிக்கும் பொருள் அவ்விடத்தில் தம் நெஞ்சுக்கே ஒப்பவில்லை என்பது அந்தக் கணத்தில்தான் புலப்படுகிறது. என் செய்வது? அதட்டி அமர்த்தலாம். தெரியாது என்று ஒப்பலாம். அன்றி, அப்போதைக்குப் போதுமான ஒரு விடையைத் தந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம். இம்மூன்றில் கடைசி வழியே பலரும் நடந்து நடந்து தேய்ந்த வழி. இலக்கணத்திலோ பூகோளத்திலோ இவ்வாறு நேர்ந்தால் அதனால் வரும் கேடு சிறிது. ஒருவன் தன் வாழ்வையே சார்த்தி நிற்கும் சமய நம்பிக்கையில் இது நேரும்போது கேடு சிறிதன்று.

கிறித்துவ மறை வினாக்களுக்கு அஞ்சும் நூல் அன்று. யோபு என்னும் நல்லோன் தன் துன்பத்துக்குக் காரணம் கேட்டு இறைவனோடு வழக்காடுகிறான். அவனுடைய நண்பர்களோ இறைவன் பக்கம் நின்று, கேட்பதற்கு இனிய சமாதானங்களை அடுக்குகின்றனர். நூலின் முடிவில் இறைவன் சினம் கொள்வது வழக்காடிய யோபுவிடம் அன்று; தமக்காகப் பரிந்து பேசிய நண்பர்களிடமே. காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற தோமாவும் சீடர் கூட்டத்திலிருந்து விலக்கப்படவில்லை; தொட்டுப் பார்க்க அழைக்கப்பட்டான். இவற்றையெல்லாம் ஞாயிறுதோறும் வாசித்துக் கேட்கும் சபைகளில், உயிருள்ள ஒரு யோபு எழுந்து நின்றால் மட்டும் ஏன் கலக்கம் உண்டாகிறது? இதற்கு விடை காண, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த ஒரு வரலாறு பெரிதும் துணை செய்யும்.

நேட்டால் தமிழருக்கு முற்றிலும் அயலான நாடன்று. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு அந்நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற அவர்களின் கதை, மலாயாவின் தோட்டங்களுக்கு வந்தோரின் கதைக்கு உடன்பிறந்த கதை. அக்கப்பல் கரையை அடைந்த அதே ஆண்டுகளில், அந்நாட்டின் ஆங்கிலத் திருச்சபைப் பேராயராக இருந்தவர் ஜான் வில்லியம் கொலென்சோ.

கொலென்சோ 1814ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1836ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர். ஹாரோ பள்ளியில் கணித ஆசிரியராய் இருந்தபோது தீவிபத்தால் பெருங்கடனில் வீழ்ந்தார். பள்ளி மாணவர்க்கென அவர் எழுதிய எண்கணிதம், இயற்கணிதம் ஆகிய பாடநூல்கள் ஆங்கில நாடெங்கும் பரவின. அவற்றின் உரிமையை விற்றே அவர் கடனை அடைத்தார். பேராயர் பலருக்கு இல்லாத இந்தப் பள்ளிக்கூடப் பின்னணியை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. பின்னாளில் அவரைப் பழித்தோரும் போற்றியோரும் அந்தக் கணக்காசிரியரையே அவரிடம் கண்டனர்.

1853இல் நேட்டாலின் முதற் பேராயராக அமர்த்தப்பட்ட அவர், பீட்டர்மாரிட்சுபர்க் நகருக்கு அண்மையில் ஒரு பணித்தளத்தை நிறுவினார். ‘ஒளியின் இடம்’ எனப் பொருள்படும் எகுகன்யேனி என்பது அதன் பெயர். அங்குப் பள்ளி நடந்தது, அச்சகம் இயங்கியது. சூலு மொழிக்கு இலக்கணமும் 1861இல் ஓர் அகராதியும் அவர் இயற்றினார். மக்கள் அவரைச் சொபாண்டு, அதாவது மக்களின் தந்தை, என்று அழைத்தனர். பல மனைவியரை உடைய ஒருவன் கிறித்துவத்தைத் தழுவ வந்தால், ஒருத்தியை வைத்துக்கொண்டு ஏனையோரைத் துரத்திவிடுமாறு அவனைக் கட்டாயப்படுத்துவது அறமாகாது என்று அவர் வாதிட்டதும் உண்டு. துரத்தப்படும் அப்பெண்களும் அவர்தம் குழந்தைகளும் எங்கே போவார்கள் என்பதே அவர் கேட்டது. இதனால் உடன் பணியாளர் பலருடைய மனக்கசப்புக்கு அவர் முன்னரே ஆளாகியிருந்தார்.

திருமறையைச் சூலு மொழியில் பெயர்க்கும் பணியில் அவருக்குத் துணை நின்றவர்களுள் வில்லியம் இங்கிடி என்பவர் முதன்மையானவர். மொழிபெயர்ப்பு ஒரு விந்தையான வேலை. தாய்மொழியில் பல்லாயிரம் முறை ஓதிய வாசகம் பழக்கத்தினாலேயே பொருள் மறைந்து கிடக்கும். அதைப் பிறிதொரு மொழியில் ஒருவருக்குச் சொல்ல முற்படும்போது, ஒவ்வொரு சொல்லும் முதன்முறையாகக் கேட்கப்படுவது போல் எழுந்து நிற்கும். ஆதியாகமத்தின் பெருவெள்ளக் கதையைப் பெயர்த்துக்கொண்டிருந்த வேளையில் இங்கிடி பேராயரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: இவை எல்லாம் மெய்தானா? வெப்ப நாட்டு விலங்கும் குளிர்நாட்டு விலங்கும், பெரியதும் சிறியதும், இணை இணையாக வந்து நோவாவின் பேழைக்குள் புகுந்தன என்று நீர் உண்மையாகவே நம்புகிறீரா? அவை அனைத்துக்கும், ஊன் உண்ணும் விலங்குக்கும் பறவைக்கும்கூட, நோவா இரை சேர்த்து வைத்தாரா?

கேட்டவர் ஏளனம் செய்யவில்லை. கால்நடைகளோடு வாழும் மக்களிடையே பிறந்த ஒருவருக்கு, இத்தனை உயிர்களுக்கும் தீனி எங்கிருந்து வந்தது என்பது இயல்பாக எழும் ஐயமே. ஆனால் கேட்கப்பட்டவரின் நிலை வேறு. நிலவியல் அறிஞர் லயலின் நூல்களைக் கொலென்சோ கற்றிருந்தார். பிரான்சு நாட்டு எரிமலைக் குன்றுகளின் மேல், வெள்ளத்தில் மிதந்து போய்விடக்கூடிய இலேசான எரிகற்பொடி, நோவாவின் காலத்துக்கு நெடுங்காலம் முன்பிருந்தே கலையாமல் கிடக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். உலகை முழுதும் மூடிய வெள்ளம் ஒன்று அக்காலத்தில் வந்திருக்க முடியாது என்பதில் அவருக்கு ஐயமில்லை. அறிந்திருந்தும் அதுவரை அது அவரை உறுத்தியதில்லை. அறிவு ஓர் அறையிலும் நம்பிக்கை மற்றோர் அறையிலும் குடியிருந்தன. இடையே கதவு சாத்தியிருந்தது. அக்கதவைத் தட்டியவர் இங்கிடி.

இந்நிகழ்ச்சியைக் கொலென்சோவே 1862இல் வெளியிட்ட தம் நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஆண்டவன் பெயரால் பொய்யுரைக்கலாமா என்று தீர்க்கதரிசி ஒருவரின் சொற்களில் தம் உள்ளம் கேட்டதாகவும், தாம் நம்பாத ஒன்றை மற்றொரு மனிதனை நம்பச் சொல்லத் தமக்குத் துணிவு வரவில்லை என்றும் அவர் கூறுகிறார். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு வீரக் கதையாக முடிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. மறைவரலாற்றின் பொதுவான நம்பகத்துக்குப் பங்கம் வராத வகையில், அப்போதைக்கு அவரைத் திருப்திப்படுத்தும் ஒரு விடையைத் தாம் தந்ததாகவும் அவர் ஒளியாமல் எழுதிவிடுகிறார்.

அந்த விடை இன்னது என்று அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஆசிரியராய் இருந்த எவரும் அதை ஊகித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட விடைகள் பொய்யும் அல்ல, மெய்யும் அல்ல. வினாவின் கூர்மையை மழுக்கிக் கேட்டவனை இருக்கையில் அமர்த்துவதே அவற்றின் பயன். இங்கிடி அமர்ந்துவிட்டார். அமர முடியாமற் போனவர் பேராயர். வினாவை எதிர்கொள்ளுதல் என்று பெரிதாகப் பேசப்படும் செயலின் உண்மையான தொடக்கம் இங்கேதான் இருக்கிறது. கேட்டவனின் முன்னிலையில் சொல்லப்படும் விடை எத்துணைச் சிறப்பாக அமைந்தாலும் அதனால் ஒன்றும் உறுதிப்படுவதில்லை. கேட்டவன் போன பின்பு, வற்புறுத்துவோர் எவரும் இல்லாத இரவில், அந்த வினாவை ஒருவர் தாமே தமக்குத் திரும்பக் கேட்டுக்கொள்கிறாரா என்பதே கேள்வி. கொலென்சோ கேட்டுக்கொண்டார். ஜெர்மன் அறிஞர்களின் ஆய்வு நூல்களைத் தருவித்தார். மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து ஆகமங்களையும் யோசுவாவின் நூலையும் முதலிலிருந்து வரி வரியாக ஆராயத் தொடங்கினார்.

கணக்காசிரியர் கணக்குப் போட்டார். எகிப்திலிருந்து புறப்பட்ட மக்களுள் இருபது வயதுக்கு மேற்பட்ட ஆடவர் மட்டும் 603,550 பேர் என்கிறது எண்ணாகமம். அதே நூல் தலைப்பிள்ளைகளான ஆண்மக்கள் 22,273 பேர் என்கிறது. வகுத்துப் பார்த்தால், ஒரு தலைப்பிள்ளைக்கு 27 ஆடவர். சிறுவரையும் சேர்த்தால் தாய் ஒருத்தி நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்மக்களைப் பெற்றிருக்க வேண்டும். சபை முழுவதும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் கூடியது என்கிறது லேவியராகமம். கூடாரப் பிராகாரத்தின் நீளம் நூறு முழம், அகலம் ஐம்பது முழம். நெருக்கி நிறுத்தினாலும் சில ஆயிரம் பேருக்கு மேல் அவ்விடம் கொள்ளாது. இத்தகைய கணக்குகள் அந்நூலில் பக்கம் பக்கமாக வருகின்றன. அவற்றைப் பார்த்து ஆங்கில நாடு முதலில் அதிர்ந்தது, பிறகு நகைத்தது. சூலுவை மனம் மாற்றச் சென்ற பேராயரைச் சூலு மனம் மாற்றிவிட்டான் என்று வேடிக்கைப் பாட்டுகள் கட்டப்பட்டன.

நகைத்தோர் ஒன்றைக் கவனிக்கத் தவறினர். அந்நூலின் கனம் கணக்கில் மட்டும் இல்லை. யாத்திராகமத்தின் இருபத்தொன்றாம் அதிகாரத்தில் அடிமைகளைப் பற்றிய ஒரு சட்டம் வருகிறது. எசமானன் கோலால் அடித்து அடிமை உடனே இறந்தால் எசமானனுக்குத் தண்டனை உண்டு. ஓரிரு நாள் உயிரோடிருந்து இறந்தால் தண்டனை இல்லை. ஏனெனில் அடிமை அவனுடைய பணம். இவ்வரிகளை முதன்முதலாகக் கேட்ட கிறித்துவச் சூலு ஒருவர் உள்ளம் கொதித்துப் போனதைத் தாம் மறக்கவே இயலாது என்று கொலென்சோ எழுதுகிறார். அன்பே உருவான இறைவன் ஒரு மனிதனை வெறும் பணம் என்பாரா என்பதே அவருடைய வினா. இங்கும் பேராயர் முதலில் தந்தது அப்போதைக்கான விடைதான். மோசே தம் உள்ளத்தில் தோன்றிய எண்ணத்தை இறைவன் அருளியதாகக் கருதி எழுதியிருக்கலாம் என்று சொல்லி, அவருடைய துயரையும் தம் துயரையும் ஒருவாறு ஆற்றிக்கொண்டார்.

தலைப்பிள்ளைகளின் எண்ணிக்கையில் பிழை இருந்தால் என்ன, ஏடு எழுதுவோன் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டான் என்று சொல்லிவிட்டு ஒருவன் நிம்மதியாக உறங்கலாம். பேழையின் தீனிக் கணக்கும் அத்தகையதே. அடிமையின் உயிரை அவனுடைய விலையால் அளக்கும் சட்டத்தை அப்படி ஒதுக்க முடியாது. அது இறைவனின் வாக்கென்றால் இறைவன் எத்தகையவர் என்ற வினா எழும். இறைவனின் வாக்கன்று என்றால், எந்த வரி அவர் வாக்கு, எந்த வரி மனிதன் வாக்கு என்று பிரித்தறியும் பொறுப்பு வாசிப்போனின் மனச்சாட்சி மேல் விழும். இரண்டும் பாரமானவையே. கொலென்சோவின் நூல் வெளிவந்த 1862இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அடிமை முறையைக் காக்க விரும்பியோர் திருமறை வசனங்களை எடுத்துக் காட்டி வாதாடிய காலம் அது. ஒரு கறுப்பினத்தவர் அவ்வரிகளைக் கேட்டுத் துடித்தது ஏட்டளவில் எழுந்த ஐயத்தால் அன்று.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மறுப்பு நூல்கள் மலை போல் குவிந்தன. கேப்டவுனின் தலைமைப் பேராயர் ராபர்ட் கிரே, 1863 டிசம்பரில் கொலென்சோவைப் பதவி நீக்கித் தீர்ப்பளித்தார். கொலென்சோ இலண்டன் பிரிவி கவுன்சிலில் முறையிட, 1865இல் அத்தீர்ப்பு செல்லாது என்று முடிவாயிற்று. கிரேக்கு அவ்வதிகாரம் சட்டப்படி இல்லை என்பதே அம்முடிவின் சாரம். கொலென்சோ சொன்னது சரியா தவறா என்பதை மன்றம் தொடவே இல்லை. 1866இல் கிரே அவரைச் சபை நீக்கம் செய்தார். 1869இல் வேறொரு பேராயர் அமர்த்தப்பட்டார். ஒரே நகரத்தில் இரண்டு பேராயர்கள்! நீதிமன்றம் தீர்க்கக்கூடிய வழக்கும் அன்று அது. நீதிமன்றத்துக்குப் போகாமல் முடிந்திருக்கக்கூடிய வழக்கும் அன்று.

கிரேயைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. அது நேர்மை ஆகாது. தம் பொறுப்பில் விடப்பட்ட எளிய மக்களின் நம்பிக்கை குலையும் என்று அவர் உண்மையாகவே அஞ்சினார். ஒரு பதவியை அதன் நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டவன், அந்நிபந்தனைகள் பொய் எனக் கண்டால் பதவியை விட்டு விலகிப் பேசட்டும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. கொலென்சோவின் நெடுநாள் நண்பர் மாரிஸ் என்பவரும் அவரைக் கைவிட்டார். 1853இல் மாரிஸ் தம் கொள்கைக்காகத் தாக்கப்பட்டபோது, தம் பிரசங்க நூலை அவருக்குக் காணிக்கையாக்கித் துணை நின்றவர் கொலென்சோ. கைம்மாறு இவ்வாறு அமைந்தது. எழுத்தாளர் மேத்யூ ஆர்னால்டின் குறை வேறு வகையானது: இந்நூல் கற்றோருக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, கல்லாதாரின் உள்ளத்தை உயர்த்தவும் இல்லை, பின் யாருக்காக இது?

ஆர்னால்டின் வினாவுக்கு விடை முன்னுரையிலேயே இருக்கிறது. பேராயர் என்பவர் புதிய குருமாரை உருவாக்குபவர். அருட்பொழிவுச் சடங்கில், திருமறை முழுவதையும் உள்ளன்போடு நம்புகிறாயா என்று இளைஞனிடம் கேட்க வேண்டியவர் அவர். தமக்கே விடை தெரியாத வினாவை மற்றவனிடம் கேட்டு, ஆம் என்று சொல்ல வைப்பது எப்படி? ஆசிரியர்களைப் பயிற்றும் பணியில் இருந்தோர்க்கு இந்த இடம் விளக்கமின்றியே விளங்கும். தாம் விழுங்க முடியாததை வாய்ப்பாடாக்கி அடுத்த தலைமுறைக்கு ஊட்டுவது, ஒருவர் தமக்குள் ஐயத்தை வைத்துக்கொள்வதினும் பெரிய தீங்கு. அந்நூல் கற்றோருக்கும் அன்று, கல்லாதார்க்கும் அன்று. இடையே நின்று கற்பிக்கக் கடமைப்பட்டோருக்கு.

ஆயினும் கொலென்சோவின் முறையில் ஒரு குறை இருக்கவே செய்கிறது. ஏட்டில் உள்ள எண்ணைச் சோதித்தால் ஏட்டின் உண்மை தெரிந்துவிடும் என்று அவர் சில இடங்களில் நினைத்தது போல் தோன்றுகிறது. கதிரவன் தோன்றும் முன்னர் மாலையும் காலையும் எவ்வாறு வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு, அவ்விடத்தை உருவகமாகக் கொள்ளும்படி சொன்னார். உலகத்தைப் பற்றி நன்கறிந்த பிற சமயத்தார் முன்னிலையில், திருமறையைச் சான்று காட்டிக் கிறித்துவர் அறியாமையை உளறுவது இழிவு என்று அகஸ்டின் கடிந்துரைத்தார். இவர்களுடைய வழி பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சபைக்குப் பெரும்பாலும் மறந்து போயிருந்தது. கொலென்சோவின் எதிரிகள் ஒவ்வோர் எண்ணையும் காக்கப் போராடினர்; கொலென்சோ ஒவ்வோர் எண்ணையும் உடைக்கப் போராடினார். களம் ஒன்றே. அதனை உணர்ந்தும் ஒன்று சொல்ல வேண்டும்: ஹாலந்து நாட்டு அறிஞர் கியூனென், ஆகமங்களின் காலத்தைப் பற்றிய தம் கருத்தை மாற்றிக்கொள்ளக் கொலென்சோவின் கணக்குகள் உதவின என்று ஒப்புக்கொண்டார். நகைப்புக்கு இடமான அவ்வாய்ப்பாடுகள் வீண் போகவில்லை.

வினாவை ஏற்றதால் கொலென்சோவின் நம்பிக்கை என்ன ஆயிற்று? அழிந்துவிடும் என்று கிரே எதிர்பார்த்தார். நிகழ்ந்தது வேறு.

1873இல் லங்கலிபலேலே என்னும் குலத்தலைவர்மீது நேட்டால் அரசு கலகக் குற்றம் சாட்டியது. அவருடைய குலத்து இளைஞர்கள் வைரச் சுரங்கங்களில் உழைத்து, கூலியைக் கொண்டு துப்பாக்கிகள் வாங்கி வந்திருந்தனர். அவற்றைப் பதிவு செய்ய மறுத்தது தொடக்கம். அழைப்பாணைக்கு அஞ்சித் தலைவர் தம் மக்களோடு மலை கடந்து ஓட, மோதலில் உயிர்கள் மாய்ந்தன. பழிவாங்கலில் அக்குலமே சிதறடிக்கப்பட்டது. தக்க வழக்குரையும் இன்றி விசாரணை நடத்தி அவரை ராபன் தீவுக்கு அனுப்பினர். வெள்ளைக் குடியேறிகள் அனைவரும் அரசின் பக்கம். கொலென்சோவும் முதலில் அரசின் சொல்லையே நம்பினார். அரசின் சார்பில் இருந்த அதிகாரி ஷெப்ஸ்டன் அவருக்கு இருபது ஆண்டு நண்பர். ஆனால் பணித்தளத்திலிருந்த சூலு மக்கள், நடந்தது அதுவன்று என்று சொல்லத் தொடங்கினர்.

இவர்களின் சொல்லுக்குச் செவி கொடுக்கும் பழக்கம் அவருக்கு வந்து பல்லாண்டு ஆகிவிட்டிருந்தது. சொன்னவன் யார் என்று பாராமல் சொன்னதன் மெய்யைக் காணச் சொன்ன வள்ளுவரை அவர் கற்றிருக்க வாய்ப்பில்லை, இங்கிடியிடம் கற்றிருந்தார். சாட்சியங்களை ஒவ்வொன்றாகத் திரட்டி, ஆகமங்களில் முரண்களைக் கண்டது போலவே அரசின் அறிக்கையிலும் முரண்களைக் கண்டார். 1874இல் இங்கிலாந்து சென்று குடியேற்ற நாட்டு அமைச்சரிடம் முறையிட்டார். ஆளுநர் திரும்ப அழைக்கப்பட்டார். குலத்தலைவர் தீவிலிருந்து மீட்கப்பட்டுக் கேப் நாட்டின் நிலப்பகுதியில் வைக்கப்பட்டார். ஷெப்ஸ்டனின் நட்பு அறுந்தது. ஆகம ஆராய்ச்சிக்குப் பின்னரும் அவரைக் கைவிடாதிருந்த குடியேறிகள் இப்போது கைவிட்டனர். நோவாவின் பேழையை ஐயுற்றதை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். தங்கள் நீதியை ஐயுற்றதைப் பொறுக்கவில்லை. சமய வைராக்கியம் என்று காட்சி தருவது எல்லா வேளையிலும் சமயத்தைப் பற்றியதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1879 ஜனவரியில் பிரிட்டிஷ் படை சூலு நாட்டின்மீது போர் தொடுத்தது. அதே மாதம் 22ஆம் நாள் இசண்டில்வானாவில் அப்படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொலென்சோ குடும்பத்தின் உற்ற நண்பரான டர்ன்ஃபோர்டும் அவர்களுள் ஒருவர். நேட்டால் துக்கத்திலும் சினத்திலும் மூழ்கியது. மார்ச்சு மாதத்தில், தம் நகரப் பேராலயத்தில் கொலென்சோ பிரசங்க மேடை ஏறினார். நியாயம் செய்தலையும் இரக்கத்தை நேசித்தலையும் இறைவன் மனிதனிடம் கேட்கிறார் என்னும் மீகா தீர்க்கதரிசியின் வாசகத்தை எடுத்துக்கொண்டு, சூலு மக்களிடம் நாம் எங்கே நியாயம் செய்தோம், எங்கே இரக்கம் காட்டினோம் என்று, உறவுகளை இழந்து அமர்ந்திருந்தோரை நோக்கிக் கேட்டார். மறையின் எந்த வரி இறைவனின் வாக்கு என்று பதினேழு ஆண்டுகளாகத் தேடிய மனிதர், இந்த வரியைப் பற்றி ஐயுற்றதாகத் தெரியவில்லை.

ஆகம ஆராய்ச்சியின் ஏழாவதும் இறுதியுமான பாகம் வெளிவந்ததும் அதே 1879ஆம் ஆண்டில்தான். அப்போது அவருக்கு அகவை அறுபத்தைந்து. சூலு நாட்டு விவகாரங்கள் பற்றிய அரசு ஆவணங்களையும் செய்திகளையும் சூலு மக்களின் வாக்குமூலங்களையும் ஒப்பிட்டு, மகள் ஹேரியட்டின் துணையோடு அவர் தாள் தாளாக அச்சிட்டு வந்தார். 1883 ஜூனில் இறக்கும்வரை அவ்வேலை நிற்கவில்லை. தந்தைக்குப் பின் மகள் சூலு மக்களின் வழக்கை ஏற்று நடத்தினாள். அவரை அடக்கம் செய்த இடம் பீட்டர்மாரிட்சுபர்க் புனித பேதுரு பேராலயத்தில், பலிபீடத்தின் முன்பாக.